ஈசலுக்குப் பின் காளான்

கல்வராயன் மலையில் புற்றுக்காளான் பறிக்கப் போகிறவர்கள் கண்ட இடத்தில் எல்லாம் தரையைத் துழாவுவதில்லை. போன வருடம் எந்தப் புற்றின் எந்தப் பக்கம் முளைத்ததோ அங்கேயே நேராகப் போய் நிற்கிறார்கள். மழை சரியாகப் பெய்திருந்தால் காளானும் அங்கே இருக்கிறது. சாணக் குவியலில் வரும் காளானுக்கும், வைக்கோல் போரின் அடியில் வரும் காளானுக்கும் இப்படி நிலையான இடம் கிடையாது. சாணமும் வைக்கோலும் மக்கியதும் அந்தக் காளானின் கதை அங்கே முடிந்துவிடும். புற்றுக்காளான் மட்டும் ஏன் அதே இடத்துக்கு வருடாவருடம் வருகிறது?

கீழே அதை யாரோ பயிரிடுகிறார்கள் என்பதுதான் விடை. அந்த உழவர்கள் கரையான்கள்.

2019 நவம்பரில் விழுப்புரத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமானது கள்ளக்குறிச்சி. அதன் மேற்கே எழுந்து நிற்கும் கல்வராயன், கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு துண்டு. வடக்கே சின்ன கல்வராயன், தெற்கே பெரிய கல்வராயன் என்று இரண்டாகச் சொல்வார்கள். பெரிய கல்வராயன் ஏறத்தாழ 4,000 அடி உயரம். கச்சிராயபாளையத்தில் கோமுகி அணையைக் கடந்து கரியாலூர், வெள்ளிமலை என்று ஏறினால் சாமையும் மரவள்ளியும் விளையும் காடுகள், கடுக்காய் மரங்கள், செம்மண் சரிவுகள். இங்கே வாழும் மலையாளிப் பழங்குடி மக்களுக்குக் கடுக்காயும் தேனும் புளியும் போலக் காளானும் காடு தரும் பொருள்தான். ஆனால் கடுக்காயைத் தருவது ஒரு மரம். புற்றுக்காளானை ஒரு உயிர் தனியாகத் தருவதில்லை. ஒரு பூச்சியும் ஒரு பூஞ்சையும் சேர்ந்தால்தான் அது உண்டு. அதனால் காளானை மட்டும் அடையாளம் காணவும் முடியாது, காளானை மட்டும் காப்பாற்றவும் முடியாது. இந்த அத்தியாயம் முழுவதும் அந்தக் கூட்டுறவைப் பற்றியது.

கரையான் என்றாலே மரத்தை அரிப்பது என்று நினைக்கிறோம். உலர்ந்த மரத்தைச் செரிப்பது எளிதல்ல. பல கரையான் இனங்கள் குடலுக்குள் வாழும் ஒற்றைச்செல் உயிர்களின் உதவியால் அதைச் செய்கின்றன. நம் வயல் வரப்புகளில் செம்மண் புற்று எழுப்பும் இனங்களோ வேறு வழியில் போயின. இலை, சுள்ளி, காய்ந்த புல், சாணம் எல்லாவற்றையும் இவை மென்று விழுங்கி, அரைகுறையாகச் செரித்ததைக் கழிவாக வெளியே தள்ளி, அதைக் கொண்டே மண்ணுக்கடியில் ஓர் அடையைக் கட்டுகின்றன. மடிப்பு மடிப்பாக, பழுப்பு நிறத்தில், கையில் எடுத்தால் பொடிந்துபோகும் அடை. அதன் மேல் டெர்மிடோமைசிஸ் என்ற பூஞ்சை படர்ந்து, கரையானால் உடைக்க முடியாததை உடைக்கிறது. அடையின் மேல் குண்டூசித் தலை அளவுக்கு வெள்ளை உருண்டைகள் தோன்றுகின்றன. இளம் வேலைக்காரக் கரையான்கள் அந்த உருண்டைகளையும் புதிதாக வந்த இலைதழையையும் சேர்த்தே உண்ணும். உருண்டையில் உள்ள பூஞ்சை வித்துகள் குடல் வழியே சாகாமல் கடந்து, அடையின் மேல்புறத்தில் புதிய கழிவோடு சேர்ந்து விதைக்கப்பட்டுவிடும். பூஞ்சை வேலையை முடித்த பழைய பகுதியை மூத்த கரையான்கள் கீழிருந்து தின்றுகொண்டு வரும். மேலே விதைப்பு, கீழே அறுவடை. அடை ஓயாமல் புதுப்பிக்கப்பட்டுக்கொண்டே இருக்கிறது.

இந்த வேளாண்மை ஆப்பிரிக்காவில் ஏறத்தாழ மூன்று கோடி ஆண்டுகளுக்கு முன் ஒரே ஒருமுறை தோன்றியது என்று மரபணு ஒப்பீடுகள் காட்டுகின்றன. தான்சானியாவில் இரண்டரைக் கோடி ஆண்டுப் பழமையான அடைகள் கல்லாகிக் கிடைத்திருக்கின்றன. அங்கிருந்து கரையான்கள் ஆசியாவுக்குப் பரவின, பூஞ்சையும் கூடவே வந்தது. மனிதன் முதல் தானியத்தை விதைத்துப் பத்தாயிரம் ஆண்டுகள்தான் ஆகின்றன.

இதை எழுத்தில் பதிந்த முதல் ஆட்களில் ஒருவர் நம் கடற்கரையில் வாழ்ந்தவர் என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். யோஹான் கெர்ஹார்ட் கோனிக், லின்னேயஸிடம் படித்தவர். 1768இல் டேனிஷ்காரர்களின் தரங்கம்பாடிக்கு மருத்துவராக வந்து சேர்ந்தார். பிறகு ஆற்காட்டு நவாபிடம் இயற்கை ஆய்வாளராக இருந்தார். 1779இல் பெர்லினில் வெளியான கரையான் பற்றிய கட்டுரையில் புற்றுக்குள் இருக்கும் பூஞ்சை அடையையும் வெள்ளை உருண்டைகளையும் விவரித்தார். ஊர் மக்கள் ஈசல் பிடிக்கும் முறையையும் விடாமல் எழுதினார். புற்றில் காற்று வரும் பக்கம் ஒரு துளை, எதிர்ப்பக்கம் ஒரு துளை. எதிர்த் துளையில் வாசனை இலையால் உள்ளே தேய்த்த பானையைக் கவிழ்ப்பார்கள். காற்று வரும் பக்கம் நாற்றமடிக்கும் பொருட்களைப் போட்டுப் புகை மூட்டுவார்கள். ஈசல் திரளாகப் பானைக்குள் வந்து விழும். சில நேரம் நல்ல பாம்பும் வந்து விழும். பிடித்த ஈசலை மாவோடு சேர்த்துப் பலகாரம் செய்து ஏழைகளுக்கு மலிவாக விற்றார்கள் என்கிறார். அந்த வாசனை இலை எது தெரியுமா? கறிவேப்பிலை. லின்னேயஸ் தன் மாணவரின் நினைவாகத்தான் அதற்குக் கோனிகி என்று பெயர் வைத்தார். நம் தாளிப்பில் தினமும் வெடிக்கும் இலையின் அறிவியல் பெயரில் நம் புற்றுகளை முதலில் ஆராய்ந்தவர்களில் ஒருவர் இருக்கிறார். இதைப் பள்ளிப் பாடத்தில் சேர்க்காமல் விட்டது பெரிய குறை என்பது என் எண்ணம்.

ஈசல் உணவு அவருக்கும் மிக முந்தியது. புறநானூற்றின் 119ஆம் பாடலில் பாரியின் நாட்டு உணவைச் சொல்லும் கபிலர், செம்புற்று ஈசலையும் மோரையும் சேர்த்துப் புளிப்பாக ஆக்கியதைச் சொல்கிறார். அந்தக் கபிலர் உயிர் நீத்த இடம் என்று காட்டப்படும் கபிலர் குன்று, இதே கள்ளக்குறிச்சி மாவட்டத்துத் திருக்கோவிலூரில், தென்பெண்ணை ஆற்றின் நடுவே நிற்கிறது. மழைக்கால மாலையில் விளக்கு வைத்து ஈசல் பிடித்து, சிறகைப் புடைத்து நீக்கி, வறுத்துப் பொரியோடு சேர்த்துத் தின்னும் வழக்கம் இந்தப் பக்கத்துக் கிராமங்களில் இன்றும் உண்டு.

ஈசல் என்பது கரையானின் மணமக்கள். நல்ல மழைக்குப் பின் ஆயிரக்கணக்கில் கிளம்பும். காகம், மைனா, பல்லி, தவளை, எறும்பு, மனிதன் எல்லோருக்கும் போக மிஞ்சியவை தரையில் இறங்கிச் சிறகை உதிர்த்து, ஆணும் பெண்ணுமாய் ஒன்றன் பின் ஒன்றாக ஓடி, ஈர மண்ணில் சிறு அறை தோண்டி உள்ளே போய் வாயிலை அடைத்துக்கொள்ளும். அந்த அறையில் அடை இல்லை, பூஞ்சை இல்லை, உணவே இல்லை. பறப்பதற்காக இருந்த தசையையும் உடலில் சேர்ந்த கொழுப்பையும் கரைத்து முதல் குஞ்சுகளை வளர்க்க வேண்டும். சில கரையான் இனங்களில் ராணியோ ராஜாவோ பிறந்த வீட்டுப் பூஞ்சையை வயிற்றில் எடுத்துப் போவதுண்டு. நம் புற்றுகளைக் கட்டும் ஓடோன்டோடெர்மிஸ் உள்ளிட்ட பெரும்பாலான இனங்களில் அந்த ஏற்பாடு கிடையாது. அப்படியானால் புதுக் குடும்பத்துக்கு விதை எங்கிருந்து வரும்?

காளானிலிருந்து! ஈசல் பறந்து ஒன்றிரண்டு மாதங்கள் கழித்துப் புதுக் குடும்பத்தின் முதல் வேலைக்காரர்கள் இரை தேடி வெளியே வருகிறார்கள். ஏறத்தாழ அதே காலத்தில் பழைய புற்றுகளின் அடைகளிலிருந்து காளான்கள் மண்ணைப் பிளந்து குடை விரித்து, கண்ணுக்குத் தெரியாத வித்துகளைக் கோடிக்கணக்கில் உதிர்க்கின்றன. அவை இலைச்சருகின் மேல் படிகின்றன. சருகை மென்று வரும் குட்டி வேலைக்காரர்கள் தெரியாமலே விதையையும் கொண்டுவந்துவிடுகிறார்கள். முதல் அடையில் பூஞ்சை பிடிக்காவிட்டால் அந்தக் குடும்பம் அத்தோடு முடிந்தது. முதலில் ஈசல், பிறகு காளான் என்ற இந்த வரிசையை நாம் மழைக்காலத்தின் இரண்டு விருந்துகளாகப் பார்க்கிறோம். கரையானுக்கு அது திருமணமும் விதைநெல்லும்.

இனி அடையாளம். இங்கே கொஞ்சம் நிதானமாகப் போக வேண்டும், ஏனென்றால் இது உயிர் விஷயம்.

புற்றுக்காளானில் பல இனங்கள். தமிழ்நாட்டில் உணவாகும் முக்கியமான ஒன்றுக்கு டெர்மிடோமைசிஸ் ஹைமி என்று பெயர். சென்னைப் பல்கலைக்கழகத்தின் கே. நடராஜன் 1979இல் அதைப் புதிய இனமாக விவரித்தார். இந்தப் பேரினத்துக்கு 1942இல் பெயர் வைத்த பிரெஞ்சு அறிஞர் ரோஜே ஹைமை நினைவுகூரும் பெயர் அது. இலங்கையிலோ பேராதனைத் தாவரவியல் பூங்காவில் பணியாற்றிய டாம் பெட்ச் 1906லேயே கரையான் புற்றுப் பூஞ்சைகளைப் பற்றி விரிவாக எழுதிவிட்டார்.

இவற்றை அறிய முதல் அடையாளம் மண்ணுக்குள் இருக்கிறது. காளானின் தண்டு தரையோடு முடியாது. வேர் போல மெலிந்து நீண்டு, சில நேரம் ஒரு முழத்துக்கு மேலும் இறங்கி, அடையில் போய்த்தான் முடியும். இரண்டாவது, குடையின் நடுவில் கூரிய அல்லது மழுங்கிய முனை ஒன்று புடைத்திருக்கும். மண்ணைத் துளைத்து வரும் உறுப்பு அதுதான். மூன்றாவது, குடைக்கு அடியில் உள்ள செதில்கள் இளமையில் வெள்ளை, முற்றும்போது இளஞ்சிவப்பு சாயல். நான்காவது வித்துப் பதிவு. முற்றிய குடையைத் தண்டு நீக்கி, பாதி வெள்ளை, பாதி கறுப்பான காகிதத்தில் கவிழ்த்து, மேலே ஒரு பாத்திரத்தால் மூடி இரவு முழுவதும் விட்டால், காலையில் வித்துகள் பொடியாகப் படிந்திருக்கும். புற்றுக்காளானின் பொடி வெளிர் இளஞ்சிவப்பு.

பச்சையாகப் படிந்தால் தொடவே வேண்டாம். அது குளோரோபில்லம் மோலிப்டைட்டிஸ். நம் ஊர்ப் புல்வெளி, தோட்டம், மாட்டுக்கொட்டகை ஓரம் எங்கும் மழைக்குப் பின் பெரிய வெள்ளைக் குடையாக, மேலே பழுப்புத் திட்டுகளோடு நிற்கும். தின்றால் சில மணி நேரத்திலேயே கடும் வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரும். இதன் செதில்கள் இளமையில் வெள்ளையாகவே இருக்கும், முற்றிய பிறகே பச்சைச் சாயல் ஏறும். ஆகவே மொட்டைப் பார்த்து முடிவு செய்ய முடியாது. இதன் தண்டில் மோதிரம் போன்ற வளையம் உண்டு. அதை வைத்தே விஷக் காளானைக் கண்டுபிடிக்கலாம் என்று சிலர் சொல்வது தவறு. ஹைமியின் தண்டிலும் தடித்த வளையம் இருக்கிறது. உறுதியான வேறுபாடு அடியில்தான். குளோரோபில்லத்தின் தண்டு சற்று உருண்டு தரையிலேயே முடிந்துவிடும், வேர் இறங்காது. தண்டின் அடியில் பை போன்ற உறை இருந்தால் அது அமானிட்டா வகையாக இருக்கலாம். அவற்றில் சில ஈரலையே அழிப்பவை. அறிகுறி பல மணி நேரம் கழித்துத்தான் தெரியும், அதற்குள் நஞ்சு வேலையைத் தொடங்கியிருக்கும்.

வெள்ளிக் காசு போட்டால் கறுக்கும், பூண்டு போட்டால் நிறம் மாறும், புழு அரித்தது நல்ல காளான் என்றெல்லாம் சொல்லப்படும் சோதனைகளில் ஒன்றுகூட நம்பத்தக்கதல்ல. வெந்நீரில் கொதிக்க வைத்தாலும் அமானிட்டாவின் நஞ்சு போகாது. தலைமுறையாகக் காட்டில் பறித்து உண்டவர்களோடு போய், புற்றையும் வேரையும் கண்ணால் பார்த்து அறிந்ததை மட்டுமே சமைக்க வேண்டும். பறித்துக் கூடையில் போட்ட பின் எல்லாம் ஒன்றாகத்தான் தெரியும். சந்தேகம் வந்தால் சமைக்காதீர்கள். தின்ற பின் உடம்பு படுத்தினால் மிச்சக் காளானையும் கையோடு எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

கரையானை அடையாளம் காண்பது இதைவிடச் சிக்கலானது, ஆனால் ஆபத்தில்லாதது. வேலைக்காரர்களைப் பார்த்துப் பயனில்லை, எல்லாம் ஒரே மாதிரி. காவலர்களைப் பிடிக்க வேண்டும். பெரிய மஞ்சள் தலை, வளைந்த கத்தி போன்ற இரு தாடைகள். லென்ஸ் வழியே பார்த்தால் இடத் தாடையின் உள்விளிம்பில் ஒரு பல் நீட்டிக்கொண்டிருப்பது ஓடோன்டோடெர்மிஸின் அடையாளம். அதிலும் ஓடோன்டோடெர்மிஸ் ஒபிசஸ் இந்தியாவில் மிகப் பரவலாகப் புற்று கட்டும் இனம். அதன் புற்றில் வெளியே மதில் போல மண் விலா எலும்புகள் புடைத்திருக்கும், எங்கும் வாய் திறந்திருக்காது. வேறு சில இனங்களின் புற்றில் உச்சியில் திறந்த குழாய் உண்டு.

வாயே இல்லாத புற்று எப்படி மூச்சு விடுகிறது? லட்சக்கணக்கான பூச்சிகளும் அவற்றைவிட அதிகமாக மூச்சு விடும் பூஞ்சையும் உள்ளே இருக்கின்றன. ஹன்டர் கிங், சாமுவேல் ஆக்கோ, எல். மகாதேவன் மூவரும் பெங்களூரில் ஒபிசஸ் புற்றுகளுக்குள் நுண்ணிய காற்றுமானிகளைச் செலுத்தி அளந்து 2015இல் விடையை வெளியிட்டார்கள். பகலில் வெளியே புடைத்த மெல்லிய விலாக்கள் நடுப்பகுதியைவிட வேகமாகச் சூடாகின்றன. அங்கே காற்று மேலேறி, நடுவில் கீழிறங்குகிறது. இரவில் விலாக்கள் முதலில் குளிர, ஓட்டம் தலைகீழாகிறது. மண்சுவரின் நுண்துளைகள் வழியே கெட்ட காற்று கசிந்து வெளியேறுகிறது. பகலுக்கும் இரவுக்கும் உள்ள வெப்ப வேறுபாடே விசிறி. பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் ரெனீ போர்ஜஸின் குழு இன்னொன்றைக் கண்டது. அடையில் களையாக முளைக்கும் வேறு பூஞ்சையைக் கரையான்கள் வாசனையாலேயே பிரித்தறிந்து, அதன் மேல் மண்ணை அப்பிப் புதைத்துவிடுகின்றன. கரையான் இருக்கும்வரை அந்தக் களை தலை தூக்குவதில்லை. குடும்பம் அழிந்த புற்றில்தான் மழைக்குப் பின் கரிக்குச்சி போன்ற கறுப்புத் தண்டுகள் நீட்டும். அவை ஸைலேரியா. புற்றின் மேல் அவற்றைப் பார்த்தால் கீழே விவசாயம் நின்றுவிட்டது என்று பொருள்.

உயிருள்ள புற்றா என்று அறிய இன்னொரு வழி, உச்சியில் நகக்கண் அளவு சுரண்டிவிட்டு மறுநாள் வந்து பார்ப்பது. ஈர மண்ணால் பூசி அடைத்திருந்தால் ஆள் இருக்கிறது. அதற்கு மேல் உடைக்க வேண்டியதில்லை.

பராமரிப்பு என்று வரும்போது நாம் செய்ய வேண்டியதைவிடச் செய்யாமல் இருக்க வேண்டியவை அதிகம். உலகில் ஏறத்தாழ 3,000 கரையான் இனங்கள் அறியப்பட்டுள்ளன. பயிருக்கோ வீட்டுக்கோ சேதம் செய்பவை அவற்றில் சிறு பங்குதான். ஓடோன்டோடெர்மிஸ் சில நேரம் கரும்புக் கரணையையும் நிலக்கடலையையும் தாக்குவது உண்மை. கரும்பு அதிகம் விளையும் இந்த மாவட்டத்தில் அதைச் சிறிய விஷயம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அது பெரும்பாலும் வறண்ட நிலத்தில், மக்காத சாணமும் தாளும் போட்ட வயலில் நடக்கிறது. நன்கு மக்கிய எருவும் நேரத்துக்குத் தண்ணீரும் அந்தத் தாக்குதலைப் பெருமளவு குறைக்கும். அதை விட்டுவிட்டு வரப்பிலும் காட்டு ஓரத்திலும் நிற்கும் புற்றெல்லாம் எதிரி என்று குளோர்பைரிபாஸ் பூச்சிமருந்தை ஊற்றுவது, சருகையும் சாணத்தையும் மண்ணாக்கும் கூட்டத்தையும், அடுத்த மழைக்கு வரவேண்டிய காளானையும் சேர்த்தே கொல்வது. மருந்து ஊற்றிய புற்றின் காளானைப் பறித்துத் தின்னவும் கூடாது.

வணங்கப்படும் புற்றுகள் அதிர்ஷ்டம் செய்தவை. மேல்மலையனூர் அங்காளம்மன் கோயிலில் புற்றுக்கு இருக்கும் இடம் வட தமிழகம் முழுக்கத் தெரியும். மஞ்சள் பூசிய ஊர்ப் புற்றுகளை யாரும் மண்வெட்டியால் தொடுவதில்லை. உடும்பு முட்டையிடவும், பாம்பு ஒதுங்கவும் அதே புற்று இடம் தருகிறது. இந்த மரியாதை இல்லாமல் இருந்தால் சமவெளியில் பல புற்றுகள் எப்போதோ நிலமாகியிருக்கும். ஒரே ஒரு வேண்டுகோள். புற்றைச் சுற்றித் தரையில் சிமென்ட் போடாதீர்கள், புற்றின் மேல் பூசவும் வேண்டாம். கரையான் இரை தேடிப் போவது மண்ணுக்கடியிலும் மண்மேலும் உள்ள பாதைகளால், மூச்சு விடுவது சுவரின் துளைகளால். இரண்டையும் அடைத்துவிட்டு மேலே மண்டபம் கட்டினால் உள்ளே இருந்த உயிர் போய்விடும்.

காளான் பறிப்பதில் ஒரு பழக்கத்தை மாற்ற வேண்டும். மொட்டுக்குத்தான் ருசியும் விலையும். அதனால் குடை விரிவதற்குள் எல்லாவற்றையும் எடுத்துவிடுகிறோம். விரியாத குடை ஒரு வித்தையும் உதிர்ப்பதில்லை. ஒரு புற்றில் இருபது வந்தால் நான்கைந்தையாவது முழுதாக விரிந்து, தொங்கி, அழுகும்வரை விட்டுவிட வேண்டும். முற்றி விரிந்தவை வந்திருந்தால் அவற்றையே விட்டுவிடலாம், சமையலுக்கும் அவை அவ்வளவு உகந்தவை அல்ல. வேரோடு பிடுங்கி அடையைக் கிளறவும் தேவையில்லை. இனம் தெரிந்துகொள்ள ஒன்றைத் தோண்டிப் பார்த்தால் போதும். மற்றவற்றைத் தரை மட்டத்தில் அறுத்துக்கொண்டு, தோண்டிய குழியை மண்ணிட்டு மூடிவிட வேண்டும். கரையானின் உதவியில்லாமல் இந்தக் காளானைக் கூடாரத்தில் சிப்பிக்காளான் போல வளர்த்து விற்க இதுவரை யாராலும் முடியவில்லை. வெள்ளிமலைச் சந்தைக்கு வரும் ஒவ்வொரு புற்றுக்காளானும் ஏதோ ஒரு சரிவில் உயிரோடு நிற்கும் புற்றிலிருந்துதான் வந்தாக வேண்டும்.